நான்காவது கூறு

நோயையும் அதற்கான பராமரிப்பையும் பற்றி எழுதுவதற்குக் கலைப்பீட மாணவி ஒருத்திக்கு என்ன தகுதி உண்டு என்று இவ்விதழின் வாசகர் வினவுவது நியாயமே. அத்தகுதி எனக்கு இல்லை. ஆயினும் கடந்த ஆண்டில் இருபத்துமூன்று நாள்கள், மூளைக்குள் ஏற்பட்ட குருதிப்பெருக்கினால் வீழ்ந்து கிடந்த என் தாயின் கட்டிலருகே, அனுமதிக்கப்பட்ட வேளைகளிலெல்லாம் நின்றேன். அக்கட்டிலின் கால்மாட்டில் பலகையொன்றிற் கவ்வியிருந்த சில தாள்களை நாள்தோறும் வாசித்தேன். தாதியர் எழுதிய பராமரிப்புத் திட்டம் அது. பாடவிதானத்திற் சேராத அந்த ஏட்டைப் பற்றியும், அதனை வாசித்ததால் என்னைப் பற்றி நான் அறிந்துகொண்டவை பற்றியும் இக்கட்டுரையிற் சொல்ல விரும்புகிறேன்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுப்பதை நாம் அறிவோம். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றையும் சொல்லி, நான்காவதாக 'உழைச்செல்வான்' என்பவனை வள்ளுவர் வைக்கிறார். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று பணிசெய்பவனே உழைச்செல்வான். முதலாம் ஆண்டுத் தேர்விலே இக்குறளுக்கு நான் விளக்கம் எழுதியிருக்கிறேன். முதல் மூன்றுக்கும் ஒவ்வொரு பந்தி எழுதினேன். நான்காவதற்கு ஒரே வரி. அதற்குப் புள்ளி குறைக்கப்பட்டதாகவும் நினைவில்லை.

என் தாய்க்கு வயது 54. தந்தையார் மறைந்த பின்னர் தையல் தைத்து என்னையும் தம்பியையும் படிப்பித்தவர். ஆனி மாதத்து மாலையொன்றில் தையல் மெசினின் முன் இருந்தபடியே, தலை வெடிப்பது போல வலிக்கிறது என்று தம்பியிடம் சொன்னாராம். அடுத்து வாந்தியெடுத்தார். சொற்கள் குழறின. வலக்கை மடியில் விழுந்து கிடந்தது. அயலவர் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன வைத்தியசாலையில் குருதியமுக்கம் 220/120 எனக் கண்டனர். மூளையின் இடப்பக்க ஆழத்தில் குருதி தேங்கியிருப்பதை சி.ரி. ஸ்கான் படம் காட்டிற்று. அன்றிரவே, மூளைச் சத்திரசிகிச்சை வசதியுள்ள தொலைவூர் வைத்தியசாலை ஒன்றுக்கு அம்புலன்சில் அனுப்பினர். பல்கலைக்கழக விடுதியிலிருந்து நான் நேரே அங்கு சென்றேன். மறுநாட் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலை அடைந்தபோது, அம்மாவின் வாயினூடாகக் குழாய் செலுத்தப்பட்டு, இயந்திரம் அவருக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

மூளைக் குருதிப்பெருக்கு என்பது யாது என்பதை எனக்கு முதலில் விளக்கியவர் வைத்தியர் அல்லர்; தாதி ஒருவரே. இனத்தாற் சிங்களவரான அவர் என்னை 'நங்கி' என்று அழைத்தார். நான் அவரை ஏனையோரைப் போல 'மிஸி' என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலும் அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களிலும் எங்கள் உரையாடல் நடந்தது. மண்டையோடு ஒரு மூடிய பெட்டி என்று அவர் இரு கைகளையும் குவித்துக் காட்டினார். அப்பெட்டிக்குள் மூளையும் குருதியும் மூளைய முண்ணாண் பாய்பொருளும் உள்ளன. பெட்டி விரியாது. ஆகவே ஒன்று கூடினால் மற்றவை குறையவேண்டும். குறைய இடமில்லாத நிலையில் உள்ளே அமுக்கம் ஏறும். ஏறினால் மூளைக்குக் குருதி செல்வது தடைப்படும். 1783இல் அலெக்சாண்டர் மொன்றோவும் 1824இல் ஜோர்ஜ் கெலியும் எடுத்துரைத்த இக்கருத்து இன்றும் அவர்களின் பெயராலேயே வழங்குகிறது என்பதைப் பின்னர் நூலகத்தில் அறிந்தேன். சிந்திய குருதி மூளையிற் கெடுத்ததை மீட்பது அரிது. எஞ்சிய பகுதி கெடாமற் பார்ப்பதே அடுத்த சில நாள்களின் வேலை. அவ்வேலையின் பெரும்பகுதி மணிக்கு மணி தாதியரின் கைகளால் நடப்பது.

அந்த வேலைக்கான ஏற்பாடே கால்மாட்டிலிருந்த தாள். அதில் நிரல்கள் வரையப்பட்டிருந்தன: பிரச்சினை யாது, எதை அடைய வேண்டும், என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும், செய்ததன் பின் என்ன நிகழ்ந்தது. ஆங்கிலத்தில், பலருடைய கையெழுத்தில் இருந்த அத்தாளை நான் எட்டிப் பார்த்தபோது ஒரு தாதி தடுத்தார். மேற்சொன்ன மிஸி, மகள்தானே, பார்க்கட்டும் என்று சொல்லி எனக்காக ஒவ்வொரு வரியாக விளக்கினார்.

தலைமாடு 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும். கழுத்து நேராக இருக்க வேண்டும் என்பது முதல் வரி. கழுத்து ஒருபக்கம் சரிந்தால், தலையிலிருந்து குருதியை இறக்கும் நாளங்கள் நெரிபட்டு உள்ளமுக்கம் கூடும். அன்று காலையில்தான், அம்மாவின் முகம் என் பக்கம் திரும்பியிருந்தால் நல்லதென்று நினைத்து அவருடைய தலையை மெல்லத் திருப்ப முயன்றிருந்தேன். என் பரிவு அவ்விடத்தில் தீங்காக முடிந்திருக்கும் என்பதை அறிந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சுவாசக் குழாயிலிருந்து சளியை உறிஞ்சும்போது முன்னதாக ஒட்சிசனைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 15 செக்கனுக்கு மேற் செல்லக்கூடாது. இருமலும் மூச்சுத்திணறலும் அமுக்கத்தை ஏற்றும். உடல் துடைத்தல், பக்கம் புரட்டுதல், சளி உறிஞ்சுதல் ஆகியவற்றை அடுத்தடுத்துச் செய்து முடித்துவிட்டுப் போய்விடக் கூடாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் மூளைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வேலையை விரைவில் முடிப்பவரே திறமைசாலி என எண்ணும் நமக்கு இது விந்தையாகத் தோன்றும். அங்கே இடைவெளியும் வேலையின் ஒரு பகுதியாக எழுதப்பட்டிருந்தது.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுக. குதிக்காலையும் முள்ளந்தண்டின் அடியையும் பார்க்குக. வலத்தோளைக் கீழிருந்து தாங்கித் தூக்குக. கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். முழுவதும் மூடாத இமைகளுக்குள் கண் உலராமல் மருந்திடுக. வாயைச் சுத்தஞ் செய்க. மலச்சிக்கல் வராமற் பார்க்குக. முக்குதல் அமுக்கத்தை ஏற்றும். காய்ச்சலையும் குருதியிலுள்ள சீனியையும் கட்டுப்பாட்டில் வைக்குக. மேற்குருதியமுக்கம் 140ஐ அண்மித்து நிற்க வேண்டும். 130இற்குக் கீழ் இறங்கினால் வைத்தியருக்கு அறிவிக்குக. சுவாசக் குழாய் அகற்றப்பட்ட பின்னும், விழுங்கும் ஆற்றலைச் சோதிக்குமுன் ஒரு துளி நீரும் வாயால் கொடுக்கற்க. இவ்வாறு சென்ற அப்பட்டியலின் கடைசி வரி, ஒவ்வொரு செயலுக்கும் முன்னர் நோயாளியிடம் அதைச் சொல்லிவிட்டுச் செய்க என்பதாகும். நினைவற்றவரிடம் எதற்காகச் சொல்வது என்று கேட்டேன். கேட்கிறதா இல்லையா என்பது நிச்சயமாகத் தெரியாதபோது கேட்கிறது என்று வைத்துக்கொள்வதே முறை என்றார் மிஸி.

இரண்டாம் நாள் அவர் என்னை வாசலுக்கு அழைத்து, கையில் ஒரு தாளோடு இருந்து, சில கேள்விகள் கேட்டார். திட்டம் தீட்டுவதற்குமுன் நோயாளியை அறிய வேண்டும். நோயாளி பேச முடியாத நிலையில் வீட்டாரைக் கேட்க வேண்டும் என்றார். அம்மா கண்ணாடி அணிபவரா? காது நன்கு கேட்குமா? பொய்ப்பல் உண்டா? இவற்றுக்கு விடை சொன்னேன். உறங்கும்போது எப்பக்கம் சரிந்து படுப்பார்? எந்த உணவு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை? வீட்டில் அவரை எப்பெயரால் அழைப்பார்கள்? சிங்களமோ ஆங்கிலமோ விளங்குமா? வலக்கைப் பழக்கமுடையவரா, இடக்கைப் பழக்கமுடையவரா?

கம்பராமாயணத்தின் காண்டங்களை வரிசையாகவும், அவற்றுட் பல படலங்களைப் பெயர் சொல்லியும் ஒப்புவிக்க வல்ல நான், என் தாய் எப்பக்கம் சரிந்து படுப்பார் என்ற கேள்விக்கு விடையின்றி நின்றேன். கைப்பழக்கம் பற்றிக் கேட்டபோது, வலக்கை என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் வலக்கையாற்றான் உண்பார், எழுதுவார். பிறகு ஏதோ ஓர் ஐயம் எழ, சித்தியிடம் தொலைபேசியிற் கேட்டேன்.

"அக்கா சின்ன வயசிலை இடக்கைதானே. பள்ளிக்கூடத்திலை அடிச்சு அடிச்சு வலக்கைக்கு மாத்திப்போட்டினம். இப்பவும் கத்திரிக்கோல் இடக்கையிலைதான் பிடிக்கிறவ. நீ பார்க்கேல்லையே?"

பார்க்கவில்லை. ஆயிரம் தடவை கண்முன் நிகழ்ந்ததை நான் பார்க்கவில்லை. மிஸியிடம் சென்று திருத்திச் சொன்னேன். அவர் அதை அடித்து எழுதிக்கொண்டு, வலப்பக்கம் செயலிழந்திருக்கும்போது இது மிக நல்ல செய்தி என்றார்.

அன்று கேட்கப்பட்ட கடைசிக் கேள்வி ஒன்றுண்டு. குருதியமுக்கத்துக்கான குளிசைகளை அம்மா ஒழுங்காக எடுத்தாரா என்பது அது. "ஓம்" என்றேன். எதன் ஆதாரத்தில் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மகளொருத்தி அறிந்திருக்க வேண்டியதை அறியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன் என்பதே உண்மையாக இருக்கலாம்.

மூன்றாம் நாளிரவு நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். நினைவுநிலையை அளப்பதற்கு உலகெங்கும் பயன்படும் கிளாஸ்கோ அளவுகோல் பற்றிச் சிலர் அறிந்திருப்பீர்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் ரீஸ்டேல், பிரையன் ஜெனற் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்டது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என உச்சப்புள்ளி 15. எதற்குமே பதிலில்லாத நிலையிற்கூட 3 உண்டு. தொண்டையிற் குழாய் உள்ளவரின் பேச்சை அளக்க முடியாதாகையால் அவ்விடத்தில் அதைக் குறிக்கும் ஓர் எழுத்தை மட்டும் இடுவர். அன்று மாலைக் கடமையிலிருந்த தாதி அம்மாவின் உடலசைவுக்கு 5 இட்டிருந்தார்: நோவு கொடுத்தால் இடக்கை அந்த இடத்தைத் தேடி வருகிறது. இரவுக் கடமைக்கு வந்தவர் அதே சோதனையைச் செய்தபோது, கை தேடிவரவில்லை, மடங்கி விலகிற்று. 4. விளக்கொளியில் இடக்கண்மணி மந்தமாகச் சுருங்கியது. குருதியமுக்கம் ஏற, நாடித்துடிப்புக் குறைந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளி வித்தியாசந்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. வைத்தியரை எழுப்பினார். மீண்டும் ஸ்கான் எடுத்தபோது, குருதி மூளையறைகளுக்குள் இறங்கிப் பாய்பொருள் வெளியேறும் வழியை அடைத்திருப்பது தெரிந்தது. விடியுமுன் சத்திரசிகிச்சை செய்து, அதனை வெளியே வடிப்பதற்கு மெல்லிய குழாய் வைத்தனர்.

மறுநாள் அந்தத் தாளில் இரு புதிய வரிகள் சேர்ந்திருந்தன. வடிகாற் கலத்தின் உயரம் நோயாளியின் காதின் மட்டத்தைக் கொண்டு அளக்கப்பட வேண்டும். கட்டிலை உயர்த்தவோ தாழ்த்தவோ முன் வடிகாலை மூடி, பின் மட்டம் பார்த்துத் திறக்க வேண்டும். கலம் தாழ்ந்தால் அளவுக்கு மிஞ்சி வடிந்துவிடும், உயர்ந்தால் வடியாது.

மாலைத் தாதியும் இரவுத் தாதியும் அன்று ஒருவரோடொருவர் பேசிய நேரம் சில நிமிடங்களே. மாலையிற் கண்டது எண்ணாகவும் சொல்லாகவும் எழுதப்பட்டிராவிட்டால், இரவிற் கண்டதை ஒப்பிட ஏதும் இருந்திராது. அம்மா இரவு முழுவதும் அமைதியாக உறங்குகிறார் என்றே எவரும் நினைத்திருக்கக்கூடும். புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் வெளியிட்ட தாதிமை பற்றிய சிறு நூலிலே, தாம் இருக்கும்போது செய்யப்படுவது தாம் இல்லாதபோதும் செய்யப்படுவதற்கு வழிசெய்யாத பராமரிப்பு எவ்வளவு சிறந்ததாயினும் பயனற்றுப்போகும் என்ற கருத்துக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். ஒரு நூற்றாண்டின் பின் இக்கருத்து முறையான வடிவம் பெற்றது. 1961இல் ஐடா ஜீன் ஓர்லாண்டோ எழுதிய நூலும், 1967இல் யூராவும் வோல்ஷும் எழுதிய நூலும் மதிப்பிடல், திட்டமிடல், நிறைவேற்றல், மீள மதிப்பிடல் என்னும் படிமுறையைத் தாதியர் கல்விக்குள் நிலைநிறுத்துவதற்குத் துணைசெய்தன. பரிவு என்பது உள்ளத்து உணர்ச்சி என்றே நாம் இலக்கிய வகுப்பிற் பேசிப் பழகிவிட்டோம். ஒருவருடைய பரிவு, அவரது கடமைநேரம் முடிந்த பின்னும், முன்பின் அறியாத இன்னொருவரின் கையில் தொடர்ந்து இயங்குவதற்கு எழுத்து வேண்டும் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

ஐந்தாம் நாள் உறக்க மருந்துகளைக் குறைத்தனர். அம்மா கண்விழிக்கவில்லை. பதிவுப் பெயரைச் சொல்லிப் பலமுறை அழைத்தனர். கண் திறக்கவில்லை. கையைத் தூக்கும்படி சிங்களத்தில் "அத்த உஸ்ஸன்ன" என்று சொல்லிப் பார்த்தனர். அசைவில்லை. பார்வை நேரத்தில் நான் உள்ளே சென்றபோது, மிஸி முதல்நாட் தாளை எடுத்து வாசித்துவிட்டு, வீட்டுப் பெயரைச் சொல்லி அழைக்குமாறு என்னிடம் கூறினார். அம்மாவின் உடன்பிறந்தோர் மட்டுமே வழங்கும் ஈரெழுத்துப் பெயர் அது. அதை இங்கே எழுத மனம் ஒப்பவில்லை. பெற்ற தாயைப் பெயர் சொல்லி அழைக்க நாவும் எழவில்லை. குனிந்து காதருகே ஒருமுறை சொன்னேன். இமைகள் பாதி திறந்தன.

"அம்மா, இடக்கையைத் தூக்குங்கோ" என்றேன்.

முதலில் விரல்கள். பின்னர் மணிக்கட்டு, படுக்கையிலிருந்து ஓர் அங்குல உயரத்துக்கு. சில செக்கன்கள் நின்று விழுந்தது.

மிஸி கண் திறத்தலுக்கு இருந்த 2ஐ 3 ஆக்கினார். உடலசைவுக்கு 6 இட்டார். நாங்கள் சொன்னது அவவுக்கு விளங்கியிராது என்று தமக்குத்தாமே சிங்களத்திற் சொல்லிக்கொண்டார். பின்னர் என்னிடம் சில வாக்கியங்களைத் தமிழிற் கேட்டுச் சிங்கள எழுத்தில் எழுதித் திட்டத்தோடு சேர்த்துக் கவ்வி வைத்தார். கண்ணைத் திறவுங்கோ. கையைப் பிடியுங்கோ. நோகுதா? புரட்டப் போறம். அன்றிரவு முதல், தமிழறியாத தாதியர் ஒவ்வொருவரும் அந்தத் தாளைப் பார்த்து, தத்தம் உச்சரிப்பில், என் தாயோடு எங்கள் மொழியிற் பேசினர்.

மருத்துவத் தமிழ் பற்றி நாம் பேசும்போதெல்லாம், 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் போதித்த சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைவுகூருகிறோம். கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறோம். அது வேண்டியதே. எனினும் மருத்துவமனையில் ஒரு மொழியின் முதல் தேவை கலைச்சொல்லுக்கும் முற்பட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நோயாளியின் மொழியிற் கேட்கப்படாத ஒரு கேள்வி, அளவுகோலில் நோயாளியின் குறைபாடாகப் பதிவாகிவிடுகிறது. அந்தப் புள்ளியை வைத்தே அடுத்த முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இரு மொழிகள் வழங்கும் இந்நாட்டில் நாலு தமிழ் வாக்கியங்கள் எழுதிய ஒரு துண்டுத்தாள் எத்தனை கட்டில்களில் இல்லாதிருக்கிறதோ என்று எண்ணும்போது அச்சம் எழுகிறது.

எட்டாம் நாள் சுவாசக் குழாய் அகற்றப்பட்டது. அதற்கு முந்திய நாளிலேதான், ஊரிலிருந்து தம்பி கொண்டுவந்த உடுப்புப் பையில் அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கண்டேன். மாதந்தோறும் திகதியிட்டு, குருதியமுக்கத்தை எழுதி, குளிசை கொடுத்த விபரம் பதியப்பட்டிருந்தது. கடைசி நான்கு மாதங்களுக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. கல்யாணக் காலம், தையல் நிறைய வந்திருந்தது, கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் உழைப்புப் போய்விடும் என்று சொன்னதாகத் தம்பி கூறினான். அந்த நான்கு மாதங்களிலும் எனக்கு விடுதிக் காசு பிந்தாமல் வந்து சேர்ந்தது.

கொப்பியை எடுத்துச் சென்று மிஸியிடம் காட்டி, முன்பு நான் சொன்ன விடை பொய் என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பழைய விடையை அடித்துவிட்டு, நான்கு மாதம் குளிசை இல்லை என்று எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட்டார். வீட்டுக்குப் போகும்போது கொடுக்க வேண்டிய அறிவுரைகளின் கீழே ஒரு வரியைச் சேர்த்தார். அந்தக் கிளினிக் கொப்பியும் ஒரு பராமரிப்புத் திட்டமே. அரசாங்கச் செலவில், அம்மாவுக்காக, ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அதை வாசிப்பதற்கு எங்கள் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. இத்தனைக்கும் வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருத்தி அவ்வீட்டில் இருந்தாள்.

இவ்விடத்தில் ஆய்வொன்றைக் குறிப்பிடலாம். இலங்கை உட்படப் பத்து நாடுகளின் 121 வைத்தியசாலைகளில், மூளைக் குருதிப்பெருக்குற்ற ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்ட 'இன்ரறக்ட் 3' ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அது புதிய மருந்தைச் சோதித்த ஆய்வன்று. குருதியமுக்கத்தை விரைவாகக் குறைத்தல், சீனியைக் கட்டுப்படுத்தல், காய்ச்சலைத் தணித்தல், குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களுக்கு அதன் விளைவை மாற்றுதல் ஆகிய, முன்னரே அறியப்பட்ட செயல்களை, ஒரே திட்டமாகக் குறித்த காலத்துக்குட் செய்து பார்த்தனர். அவ்வாறு பராமரிக்கப்பட்டோரிடையே, ஆறு மாதங்களின் பின் மோசமான நிலையில் இருப்பதற்கான வாய்ப்புக் குறைந்திருந்தது. தெரிந்தவற்றை ஒருங்காகவும் நேரத்தோடும் செய்வது இவ்வளவு பயனளிக்குமாயின், அவை எழுதப்பட்டிருந்தும் வாசிக்கப்படாமற் போவதால் எவ்வளவு இழக்கிறோம் என்பதையும் நாம் சிந்திக்கலாம்.

இருபத்துமூன்றாம் நாள் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலக்கால் ஓரளவு அசைகிறது. வலக்கை இன்னும் அசையவில்லை. சொற்கள் சில வருகின்றன. சில வருமுன் கலைந்துபோகின்றன. பல்கலைக்கழகம் தொடங்க இரண்டு வாரங்களே இருந்தன. நான் திரும்ப வேண்டும். தம்பி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். சித்தி தம் வீட்டு வேலைகளை முடித்துவிட்டுத்தான் வரமுடியும். நான் நிற்கும்போது செய்வதை நான் நில்லாதபோதும் செய்விக்க வேண்டும்.

ஒரு கொப்பியை வாங்கி, அந்தத் தாளில் இருந்தவாறே நிரல்கள் வரைந்தேன். குளிசை, நேரம், யார் கொடுத்தது. குருதியமுக்கம். எழுப்பி இருத்தியே உணவு கொடுத்தல். வலத்தோளைத் தாங்கித் தூக்குதல். பக்கம் மாற்றிப் படுப்பித்தல். கிளினிக் திகதிக்குச் சிவப்பு மை. ஒவ்வொன்றின் எதிரிலும் ஏன் என்பதையும் எழுதினேன். காரணம் தெரியாமற் செய்பவர் மூன்றாம் நாள் விட்டுவிடுவார் என்று மிஸி சொல்லியிருந்தார். முதற் பக்கத்தில், அம்மா இடப்பக்கம் சரிந்து உறங்குபவர் என்று எழுதினேன். சித்தி சொல்லித்தான் அதுவும் தெரிந்தது.

இத்தகைய பராமரிப்பு நம் சமூகத்தில் வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழுகிறது; அது இயல்பாக வருவது, கற்கவேண்டியதன்று என்றும் கருதப்படுகிறது. எனக்கு அது இயல்பாக வரவில்லை. தம்பி என்னிலும் பொறுமையாகச் செய்கிறான். கொப்பியில் அவனுடைய கையெழுத்தே அதிகம்.

இரண்டு மாதங்களின் பின் விடுமுறையில் வீடு சென்றபோது கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். மாலை நாலு மணிக்குப் பால்தேத்தண்ணீர் என்று நான் எழுதியிருந்த வரியின் மேல், நடுங்கிய பேனாக்கோடு ஒன்று இழுக்கப்பட்டிருந்தது. யார் இப்படிக் கிறுக்கியது என்று தம்பியிடம் கேட்டேன்.

"அம்மாதான். இடக்கையாலை. அவவுக்குப் பால்தேத்தண்ணி ஒருநாளும் பிடிக்கிறேல்லையாம். நாங்கள் குடிக்கிறமெண்டுதான் தானும் குடிச்சவவாம்."

அவ்வரியை அடித்து, வெறுந்தேத்தண்ணீர் என்று எழுதி, திகதியிட்டேன்.